கத்தாத கோபம் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

இந்தக் கோடை விடுமுறையில் என் ஒன்பது வயது மகளோடு உட்கார்ந்து வரிசையாக அனிமேஷன் படங்கள் பார்த்தேன். கோபம் வந்தால் குதித்துக் கத்துகிறவர்கள் எல்லாரும் அவற்றில் வேடிக்கையானவர்களாக, கடைசியில் நல்லவர்களாக இருக்கிறார்கள். குரலை உயர்த்தாமல் கோபப்படுகிறவர்கள்தான் கொடியவர்கள். ‘சிண்ட்ரெல்லா’ படத்தின் சித்தியைப் பார்த்த அன்றிரவு என் மகள், “எனக்குக் கோபம் வந்தா நான் கத்த மாட்டேன், பேசாமதானே இருப்பேன். அப்போ நானும் கெட்டவளாம்மா?” என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. நிதானமாகக் கோபப்படும் நல்லவர் எவரும் இந்தப் படங்களில் இல்லையா? ஏன் இப்படி அமைகிறது?

அன்புடன்,
ம. செ., ஈரோடு

அன்புள்ள ம. செ. அவர்களுக்கு,

நீங்கள் கவனித்தது பெருமளவு சரி. அதற்கான காரணத்தை நான் முதலில் அந்தக் கலையின் தொழில்முறையில்தான் தேடுவேன். அமெரிக்க அனிமேஷன் வளர்ந்தது சில நிமிடங்களே ஓடும் நகைச்சுவைக் குறும்படங்களில். அங்கே ஓர் உணர்ச்சி அரங்கின் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டுமென்றால் அது உடல் முழுவதும் ஓடியாக வேண்டும். 1934-இல் அறிமுகமான டொனால்ட் டக் என்ற வாத்து, முஷ்டியை மடக்கிக் குதித்துக்கொண்டு, சொல் விளங்காதபடி கத்துவது அந்த மரபின் உச்சம். 2015-இல் வந்த ‘இன்சைட் அவுட்’ படத்தில் கோபமே ஒரு பாத்திரமாகிச் சிவந்த குட்டை உடலோடும் தலையில் பற்றியெரியும் தீயோடும் வந்தபோதும் அதே மரபுதான் தொடர்ந்தது.

அடங்கிய கோபத்தை வரைவது இதைவிடக் கடினம். மனித நடிகர் அசையாமல் நின்றாலும் அவருடைய மூச்சும் இமையும் கழுத்து நரம்பும் அவரை உயிரோடு வைத்திருக்கும். வரையப்பட்ட உருவமோ நின்ற கணத்திலேயே வெறும் படமாகிவிடுகிறது. நொடிக்கு 24 ஃப்ரேம்கள் ஓடும் திரையில் அரை நொடி உறைந்தால்கூடக் கண் அதைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே டிஸ்னி கலைஞர்கள், நிற்கும் உருவத்தையும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நகர்த்திக்கொண்டே இருந்தார்கள்; ‘மூவிங் ஹோல்ட்’ என்பது அதற்கு அவர்கள் வைத்த பெயர். இத்தனை உழைப்பைக் கேட்கும் அமைதியை, பார்ப்பவரை நடுங்கவைக்க வேண்டிய பாத்திரங்களுக்கென்றே அவர்கள் ஒதுக்கி வைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் மகளைக் கலங்கவைத்த அந்த மாற்றாந்தாய், லேடி ட்ரெமேன், அந்த உழைப்பின் மிகச் சிறந்த விளைவுகளில் ஒன்று. 1950-இல் வெளிவந்த அப்படத்தில் அவளை உயிர்ப்பித்தவர் ஃப்ராங்க் தாமஸ்; குரல் எலினோர் ஆட்லியுடையது. ஆட்லியை நடிக்கவைத்துப் படம்பிடித்து, அதைத் துணையாக வைத்துக்கொண்டே அவளுடைய அசைவுகளை வரைந்தார்கள். கேலிச்சித்திரத்தைப் போல இழுபடவும் நசுங்கவும் அவள் உடலில் இடமே இல்லை.

எலிகளும் பறவைகளும் தைத்துக் கொடுத்த இளஞ்சிவப்பு உடையில் சிண்ட்ரெல்லா அரண்மனை விருந்துக்குப் புறப்பட்டு வரும் காட்சியை நினைவுகூருங்கள். அவள் வரக்கூடாதென்று இரண்டு மகள்களும் கூச்சலிடுகிறார்கள். வேலையெல்லாம் முடித்து, உடுத்தத் தகுந்த உடையும் கிடைத்தால் வரலாம் என்று வாக்குக் கொடுத்தவள் தாய். கொடுத்த வாக்கிலிருந்து தான் பின்வாங்குவதில்லை என்கிறாள். பிறகு மெல்ல நெருங்கி வந்து, சிண்ட்ரெல்லாவின் கழுத்திலுள்ள மணிமாலையைக் கையால் தொட்டு, இந்த மணிகள் எவ்வளவு பொருத்தமாக இருக்கின்றன, உனக்கு அப்படித் தோன்றவில்லையா என்று மகள்களில் ஒருத்தியான ட்ரிஸெல்லாவிடம் கேட்கிறாள். அவள் செய்வது அவ்வளவுதான். அது தன்னுடைய மாலை என்பது ட்ரிஸெல்லாவுக்கு உறைக்கிறது. அனஸ்தேசியா தன் இடுப்புப் பட்டியை அடையாளம் காண்கிறாள். இருவரும் பாய்ந்து அந்த உடையைக் கந்தலாக்குகிறார்கள். எல்லாம் கிழிந்த பிறகே, போதும், நீங்கள் உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம் என்று மகள்களைத் தாய் வெளியே அனுப்புகிறாள். போகும்போது சிண்ட்ரெல்லாவிடம் “குட் நைட்” என்கிறாள்.

ஒலியை நிறுத்திவிட்டு இந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே அறையில் இரண்டு கோபங்கள் இருக்கின்றன. மகள்களின் கோபத்தில் கை, வாய், பாவாடை எல்லாமே பறக்கின்றன. தாயிடம் அசைவது ஒரு கையும் இரண்டு கண்களும் மட்டுமே. ஆனாலும் உடையைக் கிழித்தது எந்தக் கோபம் என்பதில் குழந்தைகளுக்குச் சந்தேகமே வருவதில்லை.

தொல்காப்பியத்தின் உரியியலில் ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று ஒரு நூற்பா உண்டு. இரண்டு சொற்களும் சினத்தைக் குறிக்கும் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. இரண்டையும் வேறுபடுத்துவதும் இல்லை. ஆனால் நம் பேச்சு வேறுபடுத்திக்கொண்டுவிட்டது. ஒருவருக்கு முகம் சிவந்தது என்றால் இப்போதே வெடிக்கப் போகும் கோபம் நினைவுக்கு வருகிறது. முகம் கறுத்தது என்றால் உள்ளே போய்த் தங்கிவிட்ட ஒன்று. கறுவுதல் என்ற சொல்லும் அந்தக் கறுப்பையே சுமந்திருக்கிறது. ட்ரெமேனின் கோபம் இந்த இரண்டாவது வகை. அவளைக் கொடியவளாக்குவது அவளுடைய அமைதி என்று எனக்குத் தோன்றவில்லை. தன் கோபத்தைப் பிறர் கைகளில் ஒப்படைத்துவிட்டு, தனக்குக் கோபமே இல்லை என்று அவள் காட்டுகிறாளே, அந்த மறைப்புதான் கொடுமை.

1959-இல் வந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யின் மெலிஃபிசென்ட் என்ற சூனியக்காரிக்கும் அதே ஆட்லிதான் குரல் கொடுத்தார். விழாவுக்கு அழைக்கப்படாதவள், எனக்கு வருத்தமே இல்லை என்று அரசியிடம் சொல்லிவிட்டுத்தான் சாபமிடுகிறாள். பின்னால் அவள் டிராகனாக மாறி நெருப்பை உமிழும்போது என் பயம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

நிதானமாகக் கோபப்படும் நல்லவர் இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறார். ஹயாவோ மியாசாகி இயக்கி, ஸ்டுடியோ கிப்லி தயாரித்து 1997-இல் வெளிவந்த ‘பிரின்சஸ் மோனோனோகே’ படத்தின் அஷிதாகாவைவிடச் சிறந்த ஒருவரை நான் எந்த அனிமேஷன் படத்திலும் கண்டதில்லை.

உடலில் இரும்புக் குண்டு பாய்ந்த காட்டுப்பன்றித் தெய்வம் ஒன்று, வெறுப்பு முற்றி, உடலெங்கும் கரிய புழுக்கள் நெளிய அவன் ஊரைத் தாக்க வருகிறது. அதைக் கொல்லும் போராட்டத்தில் அவனுடைய வலக்கை சாபத்துக்கு ஆளாகிறது. அந்தக் கைக்கு இப்போது மனித அளவை மீறிய வலிமை. ஆனால் சாபம் பரவிப் பரவி அவனைக் கொன்றுவிடும். அந்தக் குண்டைச் சுட்ட எபோஷி என்ற பெண்ணை அவளுடைய இரும்பு உலை ஊரில் அவன் சந்திக்கிறான். தொழுநோயாளிகள் துப்பாக்கி செய்யும் கொட்டகைக்கு அவள் அவனை அழைத்துச் செல்கிறாள். அவள் பேசப் பேச அவனுடைய வலக்கை தானாகவே வாளை உருவப் போகிறது. இடக்கை அதை இறுகப் பிடித்து நிறுத்துகிறது. உன் வலக்கை என்னைக் கொல்ல விரும்புகிறதா என்று அவள் கேட்கிறாள். உன்னைக் கொன்றால் சாபம் நீங்கும் என்றால் கொல்ல விட்டுவிடுவேன், ஆனால் இந்தக் கை அதோடு நிற்காது என்கிறான் அவன். அந்தக் குரல் சற்றும் உயரவில்லை. படுக்கையில் கிடக்கும் முதிய நோயாளி ஒருவர், எங்கள் அழுகிய சதையைக் கழுவிக் கட்டுப்போட்டவள் இவள் ஒருத்திதான், அவளைக் கொன்றுவிடாதே என்று அந்நேரத்தில் மன்றாடுகிறார். அவன் கோபம் நியாயமானது; அதற்கு இலக்கானவள் முழுக்கத் தீயவளும் அல்ல. இந்த இரண்டையும் அவன் ஒரே நேரத்தில் தாங்க வேண்டியிருக்கிறது.

முகம் காட்டாத கோபத்தையெல்லாம் மியாசாகி அந்தக் கையில் வரைந்துவிட்டார் என்பதே இதன் தொழில்நுட்ப அழகு. முகம் அமைதியாக இருக்கிறது, கை துடிக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் அவனுடைய கட்டுப்பாடு. அன்றிரவு, ஓநாய்களால் வளர்க்கப்பட்ட சான் என்ற பெண் எபோஷியைக் கொல்ல வருகிறாள். கத்திகளோடு மோதும் அவர்களுக்கு நடுவே அவன் போய் நிற்கும்போது, அந்தக் கையிலிருந்து பேய்ப்புழுக்கள் எழுந்து நெளிகின்றன. எல்லாரும் பாருங்கள், எனக்குள் இருக்கும் வெறுப்பின் உருவம் இதுதான் என்று ஊரார் அத்தனை பேர் முன்னிலையிலும் அதைக் காட்டுகிறான். இருவரையும் அடித்து மயக்கமடையச் செய்துவிட்டு, சானைத் தோளில் சுமந்து நடக்கிறான். வழியில் ஒரு குண்டு அவன் உடலைத் துளைக்கிறது. அவன் நடையை நிறுத்தவில்லை. பத்துப் பேர் சேர்ந்து திறக்க வேண்டிய வாயிற்கதவை, இரத்தம் கீழே சொட்டிக்கொண்டிருக்க, தனியாகத் தள்ளித் திறக்கிறான்.

சானின் வளர்ப்புத் தாயான மோரோ என்ற ஓநாயும் இந்தப் படத்தில்தான் இருக்கிறாள். எபோஷியின் தலையைக் கடித்து நசுக்கும் கணத்துக்காகக் காத்துக்கொண்டு, உடலில் குண்டோடு பாறைமேல் படுத்திருப்பாள். அவளும் கத்துவதில்லை, தன் கோபத்தை மறைப்பதும் இல்லை.

உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். ட்ரெமேன் “குட் நைட்” சொல்லிவிட்டுப் போனாள். உங்கள் மகளோ இரவில் உங்களிடம் வந்து, எனக்குக் கோபம் வந்தால் இப்படி இருப்பேன் என்று தானே சொல்லியிருக்கிறாள். அவள் அஷிதாகாவின் பக்கம் நிற்கிறாள் என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம். அவள் பேசாமல் இருக்கும் நேரங்களில், என்ன கோபம் என்று நீங்கள் கேட்டால் அவள் சொல்வாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

படத்தை அவளுக்கு இப்போதே காட்ட வேண்டாம். கைகளும் தலைகளும் துண்டாகிப் பறக்கும் காட்சிகள் உண்டு. அமெரிக்காவில் அதற்கு, 13 வயதுக்குக் குறைந்தவர்களின் பெற்றோரை எச்சரிக்கும் பிஜி-13 சான்று கொடுத்திருந்தார்கள். முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள், முடிந்தால் ஜப்பானிய ஒலியில், சப்டைட்டிலோடு. அஷிதாகாவுக்குக் குரல் கொடுத்த யோஜி மட்சுடா, அந்தக் கொட்டகைக் காட்சியில் எவ்வளவு தணிவாகப் பேசுகிறார் என்பதைக் கேட்டுவிட்டு மீண்டும் எழுதுங்கள்.

அன்புடன்.