யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் லினக்ஸில் அடிக்கடி கழன்றுகொள்கிறதா? முதலில் கர்னலைக் கேளுங்கள்

உபுண்டுவில் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் நன்றாகத் தெரிகிறது, பெரிய ஃபைல்களை காப்பி செய்யும்போது மட்டும் பாதியில் மறைந்துவிடுகிறது, விண்டோஸுக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். இதே தொல்லையோடு நானும் இரண்டு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

எந்த செட்டிங்கையும் மாற்றும் முன் டெர்மினலைத் திறந்து, டி-எம்-இ-எஸ்-ஜி என்ற ஐந்தெழுத்துக் கட்டளையை, முன்னால் சூடோவும் (நிர்வாகி உரிமையோடு ஓட்டுவதற்கு) பின்னால் மைனஸ் டபிள்யூ ஆப்ஷனும் சேர்த்து ஓடவிடுங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுதும் வரிகள் அப்போதைக்கப்போது திரையில் வரும். அதை ஓடவிட்டபடியே காப்பியைத் தொடங்குங்கள். டிஸ்க் கழன்ற நொடிக்குச் சற்று முன்னால் என்ன வரி வந்தது என்பதுதான் முக்கியம்.

என் திரையில் 'எரர் மைனஸ் 71' என்று வந்தது. பெரும்பாலும் சிக்னல் சிதைந்து வந்து சேர்கிறது என்று அதற்கு அர்த்தம். டிஸ்க்கின் பக்கம் இருந்த அகலமான பிளக்கை விரலால் லேசாகத் தொட்டேன். உடனே 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்று ஒரு வரி. விரலை எடுத்ததும் டிஸ்க் திரும்பி வந்தது, ஆனால் சூப்பர் ஸ்பீடாக (யூஎஸ்பி 3 வேகம்) இல்லாமல் ஹை ஸ்பீடாக (யூஎஸ்பி 2 வேகம்). அதாவது யூஎஸ்பி 3-க்கான பின்கள் சரியாகத் தொடவில்லை. இரண்டு வாரமாக நான் கோளாறைத் தேடியது முழுக்க சாஃப்ட்வேரில்! வேறு கேபிள், முடிந்தவரை குட்டையானது, போட்டுப் பாருங்கள். டெஸ்க்டாப் என்றால் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டு, மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள்.

கரன்ட் போதாமலும் இப்படி ஆகும். யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3 போர்ட் 900 மில்லி ஆம்பியர் தந்தால் போதும் என்பதுதான் விதி. சுழலும் டிஸ்க்குக்குத் தொடக்கத்தில் அதற்கு மேலும் தேவைப்படலாம். தனி அடாப்டர் உள்ள ஹப் வழியாகச் செருகினால் இது தெரிந்துவிடும்.

கேபிள் மாற்றியும் எனக்குப் பாதிதான் சரியானது. நிறைய எழுதும்போது மட்டும், 'யூஏஎஸ்' (யூஎஸ்பி டிஸ்க்கோடு வேகமாகப் பேசும் ஒரு முறை), 'அபார்ட்' (பாதியில் நிறுத்தம்) என்ற சொற்களோடு வரிகள் வந்தன. சில டிஸ்க் பெட்டிகளில் உள்ள சிப்புக்கும் லினக்ஸின் யூஏஎஸ் டிரைவருக்கும் ஒத்துப்போகாது. எல்எஸ்யூஎஸ்பி கட்டளை காட்டும் வெண்டார், பிராடக்ட் எண்களைக் குறித்துக்கொண்டு, யூஎஸ்பி-ஸ்டோரேஜ் என்ற பழைய டிரைவர் மாட்யூலின் குவர்க்ஸ் பட்டியலில் (தனிக் கவனிப்பு தேவைப்படும் கருவிகளின் பட்டியல்) அவற்றோடு 'யூ' என்ற எழுத்தைச் சேர்த்தால், அந்தப் பெட்டி மட்டும் பழைய டிரைவரில் ஓடும். வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. அதற்கப்புறம் என் டிஸ்க் ஒரு தடவைகூடக் கழன்றதில்லை.

சும்மா இருக்கும்போது கழன்றால் அது வேறு கதை. பவர்டாப் மாதிரி பேட்டரி சேமிக்கும் கருவி ஆட்டோசஸ்பெண்டை, அதாவது சும்மா இருக்கும் கருவியைத் தானாகத் தூங்கவைக்கும் வசதியை, இயக்கியிருக்கலாம். அந்த டிஸ்க்குக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள்.

ஒன்று, பாதியில் கழன்ற டிஸ்க்கில் மேலே எதுவும் எழுதாதீர்கள். டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டம் லினக்ஸின் எக்ஸ்ட்4 என்றால் அன்மவுன்ட் செய்து, பிழை பார்த்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்றால் ஒரு விண்டோஸ் கணினியில் அதே வேலையைச் செய்யும் செக்டிஸ்க். அப்புறம் கழன்ற நேரத்து வரிகளில் பத்துப் பன்னிரண்டை இங்கே ஒட்டுங்கள், சேர்ந்து பார்ப்போம்.