வெளிநாட்டில் வசித்து அங்கேயே சம்பாதிக்கும் அமெரிக்கக் குடிமக்கள் அமெரிக்காவுக்கும் வருமான வரி கட்ட வேண்டுமா?

பலருக்குக் கட்ட வேண்டிய தொகை பூஜ்ஜியமாகிவிடும். ஆனால் வருமானம் வரம்பைத் தாண்டினால், கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

பெரும்பாலான நாடுகள் வசிப்பிடத்தைப் பார்த்து வரி போடுகின்றன. அமெரிக்கா குடியுரிமையையும் பார்க்கிறது (எரித்திரியாவும் இந்த ரகம்தான்). டோக்கியோவிலேயே குடியேறிவிட்டாலும் உலகெங்கும் ஈட்டியதைக் காட்ட வேண்டும்.

இரட்டை வரியைத் தவிர்க்க முக்கியமான வழிகள் இரண்டு. படிவம் 2555 மூலம், 2025ஆம் ஆண்டு வருமானத்தில் 1,30,000 டாலர் வரை விலக்கு கிடைக்கும். அதற்கு, தொடர்ச்சியான 12 மாதங்களில் 330 முழு நாட்கள் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும், அல்லது ஒரு முழு வரியாண்டாவது இடைவிடாமல் அந்நாட்டின் உண்மையான வசிப்பாளராக இருந்திருக்க வேண்டும். உழைத்துச் சம்பாதித்த பணத்துக்கு மட்டும்தான் இது; வட்டி, டிவிடெண்ட், ஓய்வூதியம் சேராது. படிவம் 1116 வேறு மாதிரி: அந்நாட்டில் கட்டிய வருமான வரியை அமெரிக்க வரியில் கழித்துக்கொள்ளலாம். ஜெர்மனி போல வரி அதிகமான நாடென்றால் பெரும்பாலும் இதுவே நல்லது என்பேன். துபாயில் சம்பளத்துக்கு வரியே இல்லை, கழிக்க என்ன இருக்கிறது? அங்கே 2555தான் கைகொடுக்கும்.

சுயதொழில் செய்பவர்கள் கவனிக்க: 15.3 சதவீத சுயதொழில் வரியை (சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் என்ற மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கான வரி) 2555 நீக்காது. அமெரிக்காவுடன் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உள்ள நாடென்றால் தப்பிக்க வழியுண்டு.

அப்புறம், பலர் மறப்பது, வெளிநாட்டு வங்கிக் கணக்குகளைப் பற்றி அமெரிக்க அரசுக்குத் தர வேண்டிய அறிக்கை (FBAR). வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒருமுறை 10,000 டாலரைத் தாண்டினாலே, வரி பாக்கி இல்லாவிட்டாலும், அதைத் தனியாக அனுப்ப வேண்டும். அபராதம் கடுமை.

தாக்கலுக்கு ஜூன் 15 வரை தானாகவே அவகாசம் உண்டு. வரி பாக்கியிருந்தால் வட்டி மட்டும் ஏப்ரல் 15 முதலே ஓடும்.