அவசரக் கருத்தடை மாத்திரை கருவைக் கலைக்குமா?

புதுச்சேரி காலாப்பட்டில் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அந்த மாத்திரை கருவைக் கலைத்துவிடுமாமே, அப்புறம் குழந்தையே பிறக்காதாமே? விடுதியில் எல்லோரும் சொல்கிறார்கள்."

இரண்டுமே தவறும்மா. அதில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் மருந்து, 1.5 மில்லிகிராம். கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதுதான் அதன் வேலை. விந்தணு உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு காத்திருக்கும். அதற்குள் முட்டை வராவிட்டால் கரு உண்டாக வழியில்லை. முட்டை முன்பே வந்துவிட்டால் மாத்திரைக்கு அநேகமாக வேலையில்லை. கரு தங்கியிருந்தால் அதைத் தொடாது. பின்னாளில் குழந்தை பிறப்பதையும் தடுக்காது.

அதனால் அட்டையில் உறவுக்குப் பின் 72 மணி நேரம் வரை என்று இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். சீக்கிரம் போடப்போட பலன் அதிகம். 2 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி போட வேண்டும்.

கடையில் நாலு பேர் நிற்கும்போது வாயே வராது, தெரியும். ஒரு துண்டுச்சீட்டில் மாத்திரையின் பெயரை எழுதி நீட்டுங்கள், போதும். மருத்துவர் சீட்டு தேவையில்லை. கடலூர்ப் பக்கம் பல கடைகளில் "இல்லை" என்பார்கள். அப்போது அரசு மருத்துவமனை மகப்பேறு பிரிவுக்குப் போங்கள். உறவுக்குப் பின் 5 நாளுக்குள் கருப்பைக்குள் காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனத்தை வைத்தால் மாத்திரையைவிட உறுதி.

மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் கர்ப்பமா என்று சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.