அனுமதி கொடுத்தும் ஸ்கேன் படம் போய்ச் சேரவில்லையா?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். இரண்டாவது கருத்துக்காக வேறு மருத்துவமனைக்குப் போனோம். முதல் மருத்துவமனையின் செயலியில் பகிர்வுக்கு அனுமதி கொடுத்துவிட்டேன். ஆனால், "ரிப்போர்ட் வந்திருக்கிறது, ஸ்கேன் படம் வரவில்லை, மறுபடி எடுங்கள்" என்கிறார்கள். பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்தால் எல்லாவற்றையும் மாற்றித் தருவதாக வெளியாள் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த ஆளால் முடிவதெல்லாம் உங்களாலும் முடியும்.

உங்கள் அனுமதியில் கோளாறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ரிப்போர்ட் என்பது ஓரிரண்டு பக்க எழுத்து. படங்கள் அதோடு இருப்பதில்லை. ஸ்கேன் எடுக்கும் ரேடியாலஜி பிரிவின் தனிச் சேமிப்பில் கிடக்கின்றன. பல செயலிகள் எழுத்தை மட்டும்தான் அனுப்பும். அதனால் ரேடியாலஜி பிரிவிலோ மருத்துவ ஆவணப் பிரிவிலோ எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். "ஸ்கேன் காப்பி வேண்டும்" என்று மட்டும் எழுதினால் ஃபிலிமையோ நாலைந்து படங்களையோ கையில் கொடுத்துவிடுவார்கள். "டைகாம் கோப்புகளாக, எல்லா சீரிஸும் வேண்டும்" என்று எழுதுங்கள். டைகாம் என்பது ஸ்கேன் எந்திரம் தரும் மூலப் படக் கோப்பு; சீரிஸ் என்பது ஒரே ஸ்கேனில் எடுத்த ஒரு படத் தொகுதி. பழைய மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கொடுத்தால் அங்கேயே திறந்து பாருங்கள். சிடி ஸ்கேன் என்றால் நூற்றுக்கணக்கில் படங்கள் இருக்க வேண்டும். இருபது மட்டும் இருந்தால் யாரோ பொறுக்கி எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெயர், பிறந்த தேதி, ஸ்கேன் எடுத்த தேதி மூன்றையும் சரிபாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் புது மருத்துவமனையின் கணினி அம்மாவை வேறொருவராக எண்ணித் தனிக் கணக்கில் போட்டுவிடலாம். அப்படியானால் படம் வந்திருந்தும் மருத்துவரின் திரையில் தெரியாது.

நகலெடுக்கும்போது டைகாம்டிர் (DICOMDIR) என்று ஒரு கோப்பு கண்ணில் படும். அது வெறும் பொருளடக்கம். அதை மட்டும் அனுப்பிவிட்டு, திறக்கவில்லையே என்று அலைகிறவர்கள் நிறையப் பேர். ஃபோல்டரை அப்படியே முழுதாக ஜிப் செய்து, புது மருத்துவமனை தரும் பதிவேற்ற இணைப்பில் ஏற்றுங்கள். ஃபிலிமை ஃபோனில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பயனில்லை. மூலக் கோப்பில் மருத்துவர் வெளிச்ச அளவை மாற்றி நுரையீரலைத் தனியாக, எலும்பைத் தனியாகப் பார்க்க முடியும். ஃபோட்டோவில் அது முடியாது.

டைகாம் என்ற பெயரில் இந்தப் பொதுத் தரம் வந்தது 1993இல். ஏறக்குறைய எல்லா ஸ்கேன் எந்திரங்களும் அதில்தான் படம் தருகின்றன. இருந்தும் இரண்டு மருத்துவமனைகளுக்கு நடுவே நோயாளியின் பிள்ளை டிஸ்க் தூக்கிக்கொண்டு அலைகிறார். கொண்டுபோன இடத்தில் டிஸ்க் போடும் வசதியே இல்லை, பென் டிரைவைச் செருகவும் அனுமதி இல்லை! இந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள்.

உங்கள் ஓடிபி கிடைத்ததும் அந்த வெளியாள் செய்யக்கூடியது இதுதான்: நீங்களாக உள்ளே நுழைவார், பிடிஎஃப் கோப்புகளை இறக்கித் தன் மின்னஞ்சலில் வைத்துக்கொள்வார். அவற்றில் நோயின் பெயர், முகவரி, காப்பீட்டு எண் எல்லாம் இருக்கலாம். கணக்கில் பதிவான கைபேசி எண்ணை மாற்றித் தன் எண்ணைப் போட்டுவிட்டால், இனி வரும் ஒவ்வொரு முடிவும் உங்களுக்கு முன் அவருக்குப் போகும். படமோ, அவருக்கும் கிடைக்காது. அது செயலியிலேயே இல்லையே. "இலவசமாக ரிப்போர்ட் சேமித்துத் தருகிறோம்" என்று வரும் முகம் தெரியாத செயலிகளையும் இதே கணக்கில் வையுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, பதிவான எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். பகிர்வு அனுமதியை ரத்து செய்தால் இனிமேல் எடுப்பதைத்தான் தடுக்கும். எடுத்துப்போன நகல் அழியாது. அதனால்தான் அனுமதி கொடுக்கும்போதே எந்த ஆவணம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை நாளுக்கு என்று சுருக்கிக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்காக நீங்கள் கணக்கைப் பார்ப்பதானால் மருத்துவமனையில் பிரதிநிதியாகப் பதிந்துகொள்ளுங்கள்.

எந்தச் செயலியாலும் முழுதாக அனுப்ப முடியாதது ஒன்று உண்டு: பயாப்சி, அதாவது சோதனைக்காக உடலிலிருந்து எடுத்த திசு. புது மருத்துவமனை ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், திசுவைத் தாங்களே பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். கண்ணாடி ஸ்லைடும் மெழுகில் பதித்த திசுக் கட்டியும், அதாவது பிளாக்கும், பொருளாகத்தான் போக வேண்டும். மார்பகப் புற்றுநோயில் எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 சோதனைகளை மறுபடி செய்ய பிளாக் தேவைப்படும். அதில் உள்ள திசு கொஞ்சம்தான். தொலைந்தால் அதே திசு திரும்பக் கிடைக்காது. எனவே பல பிளாக் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே முறையில் எடுத்துப் போகாதீர்கள். எது அனுப்பத் தகுந்தது என்பதைப் பழைய மருத்துவமனையின் நோயியல் பிரிவே தேர்ந்து தரட்டும். பிளாக்கின் மேல் உள்ள எண்ணும் ரிப்போர்ட்டின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் இரண்டு இடத்திலும் ரசீது வாங்குங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். வேலை முடிந்ததும் மீதியைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்; கேட்காவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும்.

டைகாம் கோப்பு முழுதாகப் போன பிறகும் மறு ஸ்கேன் கேட்டால் காரணம் கேளுங்கள். "இது பழையது", "தேவையான பகுதி படத்தில் இல்லை" என்றால் எடுத்துவிடுங்கள். "எங்கள் கணினியில் திறக்கவில்லை" என்றால் அவர்களுடைய ரேடியாலஜி பிரிவுக்கு நேராகப் போய், இறக்குமதி செய்யச் சொல்லுங்கள்.