ஒற்றுப்பிழையை விடுங்கள், முற்றுப்புள்ளியைப் பாருங்கள்

தம்பி, பாம்பன் மீனவர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போடும் காற்றுத் தகவலில் ஒருவர் ஒற்றுப்பிழை பொறுக்கிக் கேலி செய்கிறார், நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ‘கடலுக்கு போகாதீங்க’ என்பதில் ‘ப்’ விட்டுப்போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ‘தடைக்காலம் ஏப்ரல் 15 ஜூன் 14’ என்று குறியே இல்லாமல் போட்டாலும் விசைப்படகுக்காரர் அத்தனை பேருக்கும் புரியும்.

ஆனால் நீங்கள் காட்டிய இந்த வரி வேறு: ‘டோக்கன் கிடையாது நாளைக்கு காற்று பலமா இருக்கும்’. கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதிச் சீட்டான டோக்கன் இன்றைக்கு இல்லையா, நாளைக்கா? புள்ளியை ‘கிடையாது’ என்பதற்குப் பின் வைத்தால் ஒன்று, ‘நாளைக்கு’ என்பதற்குப் பின் வைத்தால் இன்னொன்று. டீசலும் ஐஸும் ஏற்றி நிற்கிறவர் எதை நம்புவார்? அனுப்பும் முன் தேதியையும் புள்ளியையும் மட்டும் ஒருமுறை பாருங்கள். அந்த நண்பரையும் பார்த்துத் தரச் சொல்லுங்கள், அவருக்குக் கண் கூர்மை.