கார்ட்ரிட்ஜ் தூசி உறிஞ்சி எப்படி இயங்குகிறது, ஏன் அடைக்கிறது?

கொழும்பு மட்டக்குளிப் பட்டறையில் உள்ள கார்ட்ரிட்ஜ் தூசி உறிஞ்சி எப்படி இயங்குகிறது, ஏன் அடிக்கடி அடைக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

விசிறி தூசிக் காற்றைப் பெட்டிக்குள் இழுக்கும். வேகம் குறைந்ததும் பாரமான துகள்கள் கீழே தொட்டியில் விழும். நுண்தூசி, கார்ட்ரிட்ஜ் எனப்படும் மடிப்பு மடிப்பான வடிகட்டி உருளையின் வெளிப்பக்கத்தில் படியும். சுத்தமான காற்று உள்ளே நுழைந்து வெளியேறும். அந்த மெல்லிய தூசிப் படையும் வடிகட்டத்தான் உதவுகிறது. ஆனால் படை தடித்தால் காற்றோட்டம் குறையும். அப்போது உள்ளிருந்து அமுக்கக் காற்று கணப்பொழுது பாய்ந்து அதை உதிர்க்கும். விசிறியை நிறுத்தத் தேவையில்லை.

கொழும்பின் ஈரப்பதத்தில் கவனிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். கம்பிரசர் தரும் இந்த அமுக்கக் காற்றில் நீர் கலந்தால் தூசி களியாக ஒட்டிவிடும், அப்புறம் எத்தனை தடவை அடித்தாலும் உதிராது. ஆகவே முதலில் அந்தக் காற்றின் ஈரத்தை அகற்றும் ஏர் ட்ரையரைப் பாருங்கள். தொட்டியையும் நிரம்ப விடாதீர்கள். விழுந்த தூசி மறுபடி மேலெழும்.