ஃபில்டர் நீக்கிய கேமராவில் ஒளிக்கசிவு: எங்கிருந்து, எப்படி அடைப்பது?

அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டரை எடுத்த டிஎஸ்எல்ஆரில், மூடி போட்டு எடுத்த 5 நிமிட டார்க் படத்திலும் ஓர் ஓரம் சிவக்கிறது என்கிறீர்கள். சென்சாரைச் சந்தேகிக்கும் முன் கசிவைத் தேடுங்கள்.

இருட்டறையில் ஐஎஸ்ஓ 1600, 300 விநாடியில் ஒரு படம். வியூஃபைண்டரை அடைத்து, பாடி மூடியின் (லென்ஸ் கழற்றிய வாயை அடைக்கும் மூடி) மேல் அலுமினியத் தாள் சுற்றுங்கள்; கறுப்பு பிளாஸ்டிக் பலவும் அகச்சிவப்பை விட்டுவிடும். அடுத்த படத்தின்போது குண்டு பல்பு டார்ச்சை எல்லாப் பக்கமும் காட்டுங்கள். எல்இடி டார்ச் உதவாது, அதில் அகச்சிவப்பு மிகக் குறைவு.

இரண்டாவதில் மட்டும் கறை வந்தால் வெளியொளி: வியூஃபைண்டர் அடைப்பு, கார்டு கதவு, கேபிள் துளைகளைப் பாருங்கள்.

இரண்டிலும் வந்தால் மூலம் உள்ளே. சில மாடல்களில் ஷட்டர் நிலையறிய அகச்சிவப்பு எல்இடி உண்டு. ஃபில்டர் போனபின் அது சென்சாருக்குத் தெரியும். அதற்கும் சென்சாருக்கும் நடுவே கேப்டான் டேப் (மின்சாரம் கடத்தாத, சூடு தாங்கும் டேப்), மேலே அலுமினிய டேப். கேப்டான் இல்லாமல் ஒட்டினால் ஷார்ட் ஆகலாம். எல்இடிக்கும் அதன் ரிசீவருக்கும் குறுக்கே ஒட்டினால் ஷட்டர் பிழை காட்டும். திறக்குமுன் பேட்டரியைக் கழற்றுங்கள். ஃபிளாஷ் கெபாசிட்டரில் அப்போதும் சுமார் 300 வோல்ட் நிற்கலாம், கை வைக்காதீர்கள்.

மூலையில் மட்டும் மங்கலாக, சூடேறினால் கூடுவது கசிவல்ல, சென்சார் சுற்றின் வெப்பம். அதை டேப் தீர்க்காது. அதே வெப்பநிலையில் எடுத்த டார்க் படத்தை உங்கள் படத்திலிருந்து கழியுங்கள்.